டூரிங் கார் பந்தயப் பருவம் ஒன்றைக் கைக்கணக்காக எழுதுவது எப்படி: 2018ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

ஒரு கார் பந்தயத்தைப் பார்த்து ரசிக்க எந்த முன்தயாரிப்பும் வேண்டியதில்லை. ஆனால் சாலையில் ஓடும் கார்களை அடிப்படையாகக் கொண்ட டூரிங் கார்களுக்காக, ஏப்ரலில் மராக்கேஷில் தொடங்கி நவம்பரில் மக்காவ் நகரில் முடியும் முழுப் பருவம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், புள்ளிக்கணக்கை நாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பட்டியல் யார் முதலிடம் என்பதைச் சொல்லும். அவர் அந்த இடத்துக்கு எந்த வழியில் வந்தார் என்பதைச் சொல்லாது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை எடைக்கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். 2018இல் நடந்த உலக டூரிங் கார் கோப்பைப் பருவத்தை, அப்படிப்பட்ட ஒரு புதிய நோட்டில் முதல் சுற்றிலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். பருவம் முடிந்தபோது என் கூட்டுத்தொகை அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒத்துவரவில்லை. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தப் பருவத்தை எடுப்பது

நடந்துகொண்டிருக்கும் பருவத்தில் தொடங்காதீர்கள். முடிந்துபோன 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் 2017 வரை நடந்த உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப் முடிந்து, டிசிஆர் என்ற டூரிங் கார் பந்தய விதிகளின்படி கட்டிய கார்களோடு உலகக் கோப்பை என்ற புதிய பெயரில் போட்டி தொடங்கிய ஆண்டு அது. எல்லாக் கார்களும் இரண்டு லிட்டருக்கு மிகாத டர்போ எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்டவை; ஹூண்டாய் ஐ30, ஹோண்டா சிவிக், ஆடி ஆர்எஸ்3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், பூஜோ 308, குப்ரா லியோன், ஆல்ஃபா ரோமியோ ஜூலியட்டா என்று சாலையில் பார்த்த முகங்களாகவே இருப்பதால், புதியவர்களுக்கு அடையாளம் காண்பது எளிது. பத்து இடங்கள், இடத்துக்கு மூன்று பந்தயங்கள், மொத்தம் முப்பது. முப்பதாவது பந்தயம் முடிந்தபோது முதலிடத்தில் இருந்த கேப்ரியேலே டார்க்வினிக்கும் இரண்டாமிடத்தில் இருந்த ஈவான் முல்லருக்கும் இடையே இருந்தது மூன்றே புள்ளி: 306க்கு 303. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சாம்பியனே மாறிவிடும் பருவம் என்பதால், கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஆண்டு எனக்குத் தெரியவில்லை.

நோட்டும் பென்சிலும்

கணினியில் விரிதாள் திறந்து எழுதலாமே என்று பலர் கேட்பார்கள். எழுதலாம், ஆனால் முதல் பருவத்தைக் கையால் எழுதுங்கள் என்றே சொல்வேன். விரிதாளில் சூத்திரம் போட்டுவிட்டால் கூட்டல் தானாக நடக்கும். அதனால் ஒரு ஓட்டுநர் மற்றொருவரைத் தாண்டும் இடம் கண்ணில் படாமலே போய்விடும். கையால் கூட்டும்போது அந்த இடத்தில் பென்சில் நின்றுவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் நோட்டு திறந்தே இருக்கும் என்பது மலைவாசிகளுக்குக் கூடுதல் வசதி. எனக்குப் பிடித்தது 2பி பென்சில். அழித்தால் தடம் தெரியாது. ஒரு நீலப் பேனாவும் வேண்டும், அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டைப் படுக்கைவாட்டில் திருப்பி, இடப்பக்கம் ஓட்டுநர்களை எழுதுங்கள். பெயருக்கு முன்னால் கார் எண்ணை எழுதுவது முக்கியம். ஏனென்றால் பந்தயப் பதிவில் நெரிசலான வளைவில் உங்களுக்குத் தெரியப்போவது எண் மட்டுமே. டார்க்வினி 30, முல்லர் 48, ராப் ஹஃப் 12, டெட் பியோர்க் 11, நார்பர்ட் மிக்கெலிஸ் 5, எஸ்டெபான் குவெர்ரியேரி 86. தலைப்பில் இடங்களை வரிசையாக எழுதுங்கள்: மராக்கேஷ், ஹங்கரோரிங், நூர்பர்க்ரிங், ஸாண்ட்வோர்ட், விலா ரியால், ஸ்லோவாக்கியா ரிங், நிங்போ, வூஹான், சுஸூகா, மக்காவ்.

ஒவ்வொரு இடத்தின் கீழும் மூன்று கட்டம் போடத்தான் தோன்றும். நான்கு போடுங்கள். என் நோட்டில் மூன்றுதான் இருந்தது. என் பிழையின் ஒரு பாதி அங்கேதான் தொடங்கியது.

புள்ளி: இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்

ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள் மனத்தில் 25, 18, 15 என்ற வரிசை பதிந்திருக்கும். நானும் மூன்று பந்தயத்துக்கும் அதையே போட்டேன். உண்மையில் 2018இல் அந்த வரிசை இரண்டாவது பந்தயத்துக்கு மட்டுமே உரியது. முதல் பந்தயத்தில் வென்றவருக்கு 27, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 17. மூன்றாவது பந்தயத்தில் வென்றவருக்கு 30, அடுத்தவருக்கு 23, அதற்கடுத்தவருக்கு 19. மூன்றிலும் முதல் பத்து இடங்களுக்குப் புள்ளி உண்டு. இவை தவிர, பந்தயத்துக்கு முன் தொடக்க வரிசையை முடிவுசெய்ய நேரம் பார்க்கும் தகுதிச்சுற்றுகளில் இரண்டாவதில் முதல் ஐந்து இடம் பிடித்தவர்களுக்கு முறையே 5, 4, 3, 2, 1 புள்ளி. நான்காவது கட்டம் இதற்காகத்தான்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை மராக்கேஷை மட்டும் வைத்தே பாருங்கள். அங்கே முதல் பந்தயத்தையும் மூன்றாவது பந்தயத்தையும் டார்க்வினி வென்றார். என் நோட்டில் 25உம் 25உம் சேர்ந்து 50. சரியான கணக்கு 27உம் 30உம் சேர்ந்து 57. முதல் வார இறுதியிலேயே ஒரே ஓட்டுநருக்கு ஏழு புள்ளி குறைத்து எழுதிவிட்டேன். பருவம் முழுவதும் ஓடி முடிந்தபின் அவருக்கும் முல்லருக்கும் இருந்த இடைவெளி மூன்று. இதைக் கண்டுபிடித்த இரவில், முதல் பக்கத்திலிருந்து எல்லாக் கட்டத்தையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதினேன்.

பிழை நெடுநாள் பிடிபடாமல் போனதற்கும் காரணம் உண்டு. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வேறுபாடு மூன்று பந்தயங்களிலும் ஒரே ஏழுதான்: 27க்கு 20, 25க்கு 18, 30க்கு 23. ஆகவே ஒரே பந்தயத்தில் முன்னும் பின்னுமாக முடித்த இரண்டு ஓட்டுநர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஒருவர் முதல் பந்தயத்திலும் மற்றவர் இரண்டாவதிலும் வெல்லும்போதுதான் கணக்கு விலகும். எனவே நோட்டின் உள்ளட்டையில் மூன்று புள்ளி வரிசைகளையும் தனித்தனியாக எழுதி ஒட்டிவிடுங்கள். நினைவிலிருந்து எழுதவே எழுதாதீர்கள்.

தலைகீழ் வரிசை

புள்ளியை எழுதுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அந்த ஓட்டுநர் எத்தனையாவது இடத்திலிருந்து புறப்பட்டார் என்பதைச் சிறிய எண்ணாகக் குறியுங்கள். 2018 விதிகளின்படி, முதல் பந்தயத்தின் தொடக்க வரிசை முதல் தகுதிச்சுற்றின்படி அமையும். மூன்றாவது பந்தயத்தின் வரிசை இரண்டாவது தகுதிச்சுற்றின்படி அமையும். நடுவில் உள்ள இரண்டாவது பந்தயத்தில், அதே இரண்டாவது தகுதிச்சுற்றின் முதல் பத்துப் பேர் தலைகீழாக நிற்பார்கள். பத்தாவதாக வந்தவர் முதலிடத்திலிருந்து புறப்படுவார். தகுதிச்சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவர் பத்தாமிடத்திலிருந்து புறப்பட வேண்டும்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, தகுதிச்சுற்றில் பத்தாவதாக வந்தவரையும் பதினோராவதாக வந்தவரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவர்களுக்கிடையே நேர வேறுபாடு இமைக்கும் பொழுதுகூட இருக்காது. ஆனால் ஒருவருக்கு முன்னால் வெறும் சாலை. மற்றவருக்கு முன்னால் பத்துக் கார்கள். மூலையில் நீங்கள் குறித்த சிறிய எண் இல்லையென்றால், இரண்டாவது பந்தயத்தில் புதிதாக ஒருவர் வென்றதும் அவர் திடீரென்று வேகமாகிவிட்டார் என்று தவறாக நினைப்பீர்கள். அதேபோல, பத்தாமிடத்திலிருந்து புறப்பட்டு ஐந்தாவதாக முடித்தவரின் பத்துப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் கண்ணில் படாது. பருவங்களை வெல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்துப் புள்ளிகளைச் சேர்ப்பவர்கள்தான் என்பதை என் நோட்டே எனக்குக் காட்டியது.

மக்காவ் பக்கத்தை எழுதும்போது அந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு கூடும். 6.12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நகரச் சாலைப் பாதையில் மெல்கோ என்று ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அங்கே முந்தவே அனுமதி இல்லை. கல்லட்டிச் சாலையின் முப்பத்தாறு வளைவுகளில் இறங்கிப் பழகியவர்களுக்கு அதன் இறுக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பாதையில் எங்கிருந்து புறப்பட்டார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பென்சிலும் நீலப் பேனாவும்

பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டக் கொடி விழுந்ததும் வரும் வரிசை தற்காலிகமானது. கார்களை எடை போட்டு, அளந்து, மோதல்களை நடுவர்கள் விசாரித்த பிறகே இறுதி முடிவு வரும். சிலருக்கு நேரத் தண்டனை விழும், சிலர் நீக்கப்படுவார்கள். ஆகவே பந்தயம் முடிந்ததும் பென்சிலால் எழுதுங்கள். இறுதி முடிவைப் பார்த்தபின் அதன்மேல் நீலப் பேனாவால் எழுதுங்கள். இது மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால் 1987ஐ நினைத்துக்கொள்ளுங்கள். டூரிங் கார்களுக்கு உலக சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்த ஆண்டு அது. மோன்ஸாவில் நடந்த முதல் போட்டியில் முதல் ஆறு இடங்களிலும் பிஎம்டபிள்யூ எம்3 கார்களே வந்தன; ஆறும் விதிமீறலுக்காக நீக்கப்பட்டன. ஏழாவதாக வந்த ஆலன் மொஃபட், ஜான் ஹார்வி இணையின் ஹோல்டன் கமடோர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று பேனாவால் எழுதியவர் பக்கத்தையே கிழித்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் இறுதியில் பிஎம்டபிள்யூவில் ஓட்டிய ராபர்ட்டோ ரவாலியாவுக்கே கிடைத்தது.

ஓரத்தில் எடை

வலது ஓரத்தில் ஒரு குறுகிய பத்தி விட்டு, ஒவ்வொரு கார் வகைக்கும் அந்த வாரம் எவ்வளவு ஈட்டு எடை ஏற்றப்பட்டது என்பதைக் குறியுங்கள். முந்தைய சுற்றுகளில் வேகமாக ஓடிய கார் வகையின்மேல் எடை ஏற்றி, மற்றவற்றோடு சமன் செய்வது இந்தப் போட்டியின் விதியாக இருந்தது. எடை கூடிய கார் வளைவில் திரும்பவும் பிரேக் பிடிக்கவும் கூடுதல் தூரம் கேட்கும், முன் டயர்களும் விரைவில் தேயும். ஒரு வாரம் பறந்த கார் அடுத்த வாரம் நடுவரிசையில் தடுமாறினால், ஓட்டுநரைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் பத்தியைப் பாருங்கள்.

ஒவ்வோர் இடம் முடிந்ததும் அதுவரையிலான மொத்தத்தைச் சிவப்பில் எழுதி, முதலிடத்தில் இருப்பவரை வட்டமிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மக்காவ் கடைசிக் கட்டத்தில் 30ஆம் எண்ணுக்கு 306உம் 48ஆம் எண்ணுக்கு 303உம் வந்தால் உங்கள் நோட்டு சரி. வராவிட்டால் முதலில் நான்காவது கட்டங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தகுதிச்சுற்றுப் புள்ளிதான் விட்டுப்போயிருக்கும்.

பின்சேர்க்கை 1

கூடலூர் வாசகர் ஒருவர், நேரலையில் பார்க்க முயன்று ஒரு மணி நேரம் தவறிவிட்டதாக எழுதியிருந்தார். இதே இடர் எனக்கும் நேர்ந்தது. முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. 2018இல் சுஸூகா பந்தயத்தின் நேரத்தை, மத்திய ஐரோப்பிய நேரத்தில் தந்த ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து, வழக்கம்போல மூன்றரை மணி நேரம் கூட்டிவைத்திருந்தேன். அந்த ஞாயிறு அக்டோபர் 28. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள். அன்று முதல் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர இடைவெளி. நான் குறித்த நேரத்தில் ஒளிபரப்பு வரவில்லை. மழையில் டவர் போய்விட்டது என்று எண்ணி, கைபேசியை வைத்துவிட்டு, தேயிலைச் செடிகள்மேல் முறிந்து விழுந்திருந்த சில்வர் ஓக் கிளையை அகற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பந்தயம் முடிந்திருந்தது.

ஆகவே ஐரோப்பிய நேரத்தை இடையில் கொண்டுவராமல், பந்தயம் நடக்கும் ஊரின் நேரத்திலிருந்து நேரடியாக மாற்றுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால்; சீனாவும் மக்காவ் நகரமும் இரண்டரை மணி நேரம் முன்னால்; இந்த மூன்று இடங்களிலும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. போர்ச்சுகல் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால். விலா ரியாலில் மாலை ஐந்து என்றால் நமக்கு இரவு ஒன்பதரை.

பின்சேர்க்கை 2

இருவருக்குச் சமமான புள்ளி வந்தால் என்ன செய்வது என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். அதிக வெற்றி பெற்றவர் முன்னால் வருவார். அதுவும் சமமானால் அதிக முறை இரண்டாமிடம் பெற்றவர். இதற்காகவே வெற்றி பெற்ற கட்டங்களை நான் மெல்லிய கோட்டால் நிழலிடுகிறேன். எண்ணுவதற்குப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்காது.