பெண்களும் ஊழியமும்: வேதபாடம் நடத்துகிறவர்கள் விழும் குழிகள்

சபையில் பெண்களின் இடம் பற்றி இளைஞர்கள் வேதபாடம் நடத்தும்போது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். இருபது வருஷத்துக்கு முன் நான் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, நேரத்துக்கு முடிக்காமல் இழுப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

'ஊழியம்' என்று மொட்டையாகக் கேட்பது

என் முதல் வகுப்பில் "பெண்கள் ஊழியம் செய்யலாமா?" என்று பலகையில் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் இரண்டு பெரியவர்கள் மோதிக்கொண்டார்கள். டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது, இருவருக்கும் ஒரே கருத்து. 'செய்யலாம்' என்றவர் மனதில் இருந்தது ஓய்வுநாள் பள்ளியும் வீட்டு ஜெபமும். 'கூடாது' என்றவர் நினைத்தது நற்கருணைப் பீடத்தை. இதற்குள், பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் 'பைபிள் உமனாக' ஊர் ஊராக நடந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, அந்தக் 'கூடாது' காதில் விழுந்ததும் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. அந்தக் கேள்வியை இன்றைக்கும் யாராவது பலகையில் எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நம் ஊரில் பாய் விரிப்பதும் ஊழியம், பேராயர் பட்டமும் ஊழியம். சபைகள் எல்லைக்கோடு போடும் இடமோ வேறு வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் திருப்பலியில் வாசகம் வாசிக்கலாம், இறையியல் கற்பிக்கலாம். ஆனால் குருப்பட்டம் கிடையாது. 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் இதை அழுத்திச் சொன்னார். அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்டுகள் 2000-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையில் போதகர் பதவி ஆண்களுக்கே என்று எழுதினார்கள். ஆனால் பெண் மிஷனரிகளை அனுப்புகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பா லலிதா 2013-இல் நந்தியால் பேராயராகவே ஆனார். ஆகவே பிரசங்கமா, நற்கருணையா, நிர்வாகமா, குருப்பட்டமா என்று பிரித்துக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் இதே தொல்லை. ரோமர் 16:1-இல் பெபேயாள் என்ற பெண் 'ஊழியக்காரி'. கிரேக்க மூலத்தில் டியாகொனோஸ். அதே சொல் பிலிப்பியர் 1:1-இல் கண்காணிகளுக்குப் பக்கத்தில் 'உதவிக்காரர்' என்று வருகிறது, ஒரு பதவிபோல. பெபேயாள் பதவியில் இருந்தாளா, பொதுவாகச் சேவை செய்தாளா என்பதில்தான் பெண்களுக்குப் பதவி உண்டு, இல்லை என்கிற இரு தரப்புக்கும் வழக்கு. தமிழை மட்டும் வாசித்தால் வழக்கு இருப்பதே தெரியாது.

ஒற்றை வசனத்தோடு வருவது

1 கொரிந்தியர் 14:34 பெண்கள் சபையில் பேசக்கூடாது என்கிறது. அதே நிருபத்தின் 11:5, பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டு முக்காடு பற்றிப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பெண்கள் போதிக்கலாம் என்கிற தரப்புக்கும் ஒன்று: பெண் உபதேசம் பண்ணக்கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2:12-ஐ 'அது எபேசு ஊர்ப் பிரச்சினை' என்று ஒதுக்கினால், அடுத்த வசனத்திலேயே பவுல் ஆதாம் ஏவாளைக் காரணம் காட்டுகிறாரே, அதற்குப் பதில் வேண்டும்.

'இதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம்' என்பது

கணவரோடு சேர்ந்து இரட்சணிய சேனையைத் தொடங்கிய கேத்தரின் பூத் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரசங்கம் செய்தவர்.

கிரேக்கம் படித்தவர்போல் பேசுவது

வேண்டாம். மேலே நான் சொன்ன ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நானும் அதோடு நிறுத்திவிட்டேன்.