ஹீத்ரோ – ஏதென்ஸ்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

போன வருடம் லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஏதென்ஸுக்குப் போனபோது, அழைத்துப்போக வரும் நண்பரிடம் தப்பான நேரத்தைச் சொல்லிவிட்டேன். குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன்.

படி 1: இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் இடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் வந்துவிடும்.
ஹீத்ரோ: 51.470, −0.454
ஏதென்ஸ்: 37.936, 23.944

அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். தீர்க்கரேகை பூஜ்ஜியமாகும் கிரீன்விச் கோடு லண்டனுக்குள்ளேயே ஓடுகிறது. ஹீத்ரோ அதற்கு மேற்கே இருக்கிறது. குறியை விட்டால் தூரம் 55 கிலோமீட்டர் குறையும். விடை பார்ப்பதற்குச் சரியானது போலவே இருப்பதால் பிழை கண்ணில் படாது.

படி 2: அட்சரேகைகளின் சைன் இரண்டையும் பெருக்குங்கள். அவற்றின் காஸ் இரண்டையும் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸாலும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, ஆர்க் காஸ் (காஸின் நேர்மாறு) எடுத்து, பூமியின் சராசரி ஆரமான 6371-ஆல் பெருக்கினால் சுமார் 2,426 கி.மீ. எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ, கோணம் டிகிரியில் அல்ல, ரேடியனில் இருக்க வேண்டும் (டிகிரியை π-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தால் ரேடியன்). சரிபார்க்க கூகுள் எர்த்தின் அளவுகோல் போதும். தூரம் காட்டும் இணையதளங்களைவிட எனக்கு ஷீட்ஸ்தான் பிடிக்கும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

படி 3: ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். வகுத்தால் 2 மணி 55 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 30 முதல் 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கூடும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று எதிரில் வரும்.

படி 4: நான் தவறியது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. கிரீஸ் இரண்டு மணி நேரம் முன்னால் என்பது தெரிந்ததால், சேரும் நேரத்தோடு நான் இன்னொரு இரண்டு மணியைக் கூட்டிவிட்டேன். ஏற்கெனவே அது ஏதென்ஸ் நேரம்! ஆளை வரச் சொல்ல டிக்கெட்டில் இருப்பதை அப்படியே சொன்னால் போதும். பயண நேரம் வேண்டுமானால் மட்டும் கணக்குப் போடுங்கள். மதியம் 1.30-க்குக் கிளம்பி இரவு 7.10-க்குச் சேர்ந்தால் வித்தியாசம் 5 மணி 40 நிமிடம். அதில் 2 மணியைக் கழித்தால் 3 மணி 40 நிமிடம். திரும்பும்போது கழிக்காமல் கூட்ட வேண்டும்: காலை 8-க்குக் கிளம்பி 10-க்குச் சேர்ந்தால் பயணம் 4 மணி நேரம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு லண்டன் சிட்டி விமான நிலையத்தை வைத்துக் கணக்குப் போட்ட ஒருவருக்கு விடை சரியாக வரவில்லையாம். அது கிரீன்விச் கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது, அங்கே கழித்தல் குறி வேண்டாம்.

இன்னொருவர் இஸ்தான்புல்லுக்குக் கேட்டிருந்தார். பிரிட்டனும் கிரீஸும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் வருடம் முழுக்க 2 மணி வித்தியாசம்தான். துருக்கி 2016-லிருந்து மாற்றுவதில்லை. அதனால் லண்டன் – இஸ்தான்புல் வித்தியாசம் கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. படி 4-இல் பயணத் தேதிக்குரிய எண்ணைப் போடுங்கள்.