விரிவுரை முடிய ஐந்து நிமிடம் இருக்கையில்

“விளங்கினதா?” என்று கேட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் எல்லாத் தலையும் ஆடும். அந்தக் கேள்வியால் பயனில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த பரிசோதனையில், பாடப்பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின்னோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே எழுத விடுங்கள்.

கொப்பியை மூடச் சொல்லி ஆளுக்கு அரைத் தாள் கொடுங்கள். கேள்வி இரண்டு போதும்: ஒன்று இன்றைய பாடத்தில், மற்றது மூன்று வாரத்துக்கு முந்தையதில். உளவியல் பாடத்தில் “பாவ்லோவ் யார்?” என்று கேட்டால் பாடமாக்கியது மட்டும் வரும். “பரீட்சை மணி கேட்டதும் கை வியர்க்கிறது, இங்கே நிபந்தனைத் தூண்டல் (பழக்கத்தால் எதிர்வினையைக் கிளப்பும் தூண்டல்) எது, ஏன்?” என்று கேட்டால் விளக்கம் எங்கே உடைகிறது என்று தெரியும்.

புள்ளி போடாதீர்கள், பெயரும் வேண்டாம். புள்ளி என்றதும் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். பிறகு அந்தத் தாள் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

ஆங்கில மூலப் பாடமென்றாலும் இந்த அரைத் தாளில் தமிழில் எழுத விடுங்கள், கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வரியோடு நிறுத்தினால், விளங்காததாலா மொழி வராததாலா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. முதலாம் வருடத்தில் இதை ஒருபோதும் தவிர்க்கக்கூடாது.

நூறு தாளையும் வாசிக்கத் தேவையில்லை. கலந்து இருபதை எடுத்து, சரி, அரைகுறை, பிழை என மூன்றாகப் பிரியுங்கள். அடிக்கடி வந்த பிழையோடுதான் அடுத்த விரிவுரை தொடங்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சில வாரத்தில் வெறுந்தாள்கள் வரத் தொடங்கும்.

வாயால் கேட்கும்போது குறைந்தது மூன்று செக்கன் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்றாக்கினால் பதில் நீள்கிறது என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார்.

செமஸ்டர் முடிவில் வரும் மாணவர் மதிப்பீடு அந்த வகுப்புக்கு உதவாது. ஐந்தாம் வாரமே கேளுங்கள்: எது படிக்க உதவுகிறது, எதை மாற்ற வேண்டும்? கற்பித்தலை மேம்படுத்துவதற்கே வாழ்நாளைக் கொடுத்த மிச்சிகன் உளவியல் பேராசிரியர் வில்பர்ட் மக்கீச்சியும் சகாக்களும் 1980இல் காட்டியது இது: மதிப்பீட்டைத் தாளாகப் பெற்றவர்களைவிட, அனுபவசாலி ஒருவரோடு இருந்து அதைப் பேசியவர்களின் கற்பித்தலே கூடுதலாகத் திருந்தியது. ஆகவே தாள்களைத் தனியே வாசிக்காமல், துறையில் நல்லாகப் படிப்பிக்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோய், அடுத்த வாரம் மாற்றப்போகும் ஒரேயொரு விடயத்தை அவரோடு முடிவுசெய்யுங்கள்.