மனு எழுதத் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய உதவி

வறுமையைக் குறைக்க நம்மால் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கும்போது நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது நன்கொடைதான். நன்கொடை தேவை, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்குச் சட்டப்படியே சேர வேண்டிய ஓய்வூதியமும் காப்பீடும் நலவாரிய உதவியும், படிவத்தை நிரப்பித் தர ஆளில்லாததாலும், ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகங்களுக்கு அலைய முடியாததாலும், ஆண்டுக்கணக்கில் கைக்கு வராமலே கிடக்கின்றன. எழுதப் படிக்கத் தெரிந்த, மாதத்தில் ஒரு நாளை ஒதுக்க முடிந்த எவரும் இதில் உதவலாம். நான் செய்து பழகிய வழியையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டு வாசலுக்குள் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பெருக்கித் துடைக்கும் பெண்ணுக்கு நாம்தான் முதலாளி என்பதை ஒப்புக்கொண்டு, மாதச் சம்பளத்தைக் குறித்த தேதியில் கொடுப்பது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடுவது, உடம்பு முடியாத நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது, அவர் கேட்பதற்கு முன்பே ஆண்டுதோறும் சம்பளத்தை உயர்த்துவது ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, விபத்து நேர்ந்தால் இழப்பீடு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பல உதவிகள் இதன் வழியாகக் கிடைக்கும். ஆனால் 18 வயது முதல் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குத் தேவைப்படும் பணிச்சான்றில் கையெழுத்திட நாம் தயங்கக் கூடாது. அட்டை கிடைத்ததும் புதுப்பிக்க வேண்டிய தேதியை நம் நாட்காட்டியிலும் குறித்து வைப்பது நல்லது, ஏனென்றால் காலாவதியான அட்டையால் உதவியை இழந்தவர்கள் ஏராளம்.

வீட்டுச் செப்டிக் டேங்க் நிரம்பும்போது எவரையும் அதற்குள் இறங்கச் சொல்லாதீர்கள். அவரே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் வாயு ஓரிரு மூச்சிலேயே மயக்கிவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்துக் கொல்லும். பாதுகாப்புக் கருவியின்றி இவ்வேலைக்கு ஆளை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. உறிஞ்சும் லாரிக்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்குப் பார்க்கவே கூடாது. 14420 என்ற எண்ணை அழைத்து லாரியை வரவழையுங்கள்.

அடுத்தது காகித வேலை. எங்கள் தெருமுனையில் வண்டி வைத்துத் துணி தேய்த்துக் கொடுக்கும் பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் மூன்று ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. ஒரு நாள் அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை வாங்கி, உள்ளிருந்த காகிதங்களைத் தேய்க்கும் பலகைமீது வரிசையாகப் பரப்பினேன். ஆதார் அட்டையில் அவர் பெயர் ‘அம்மாள்’ என்று முடிந்தது. குடும்ப அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் ‘அம்மா’ என்று இருந்தது. “ஒரு எழுத்துதானே தம்பி, அதுக்காகவா மூணு வருசமா நிறுத்தி வச்சிருக்காங்க?” என்று கேட்டார். அந்த ஒரு ‘ள்’தான் காரணம் என்பதை அதுவரை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே, எந்த விண்ணப்பத்தையும் தொடங்குவதற்கு முன்பு ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, முகவரி ஆகியவை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் திருத்த முடியும் என்பதால், அவசரப்பட்டு அதில் கைவைக்காமல், மற்ற ஆவணங்களை ஆதாருக்கு ஏற்பத் திருத்துவதே பெரும்பாலும் எளிது. குடும்ப அட்டைத் திருத்தத்துக்கு வட்ட வழங்கல் அலுவலகத்தை அணுகலாம். அதன் பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க விடாதீர்கள். முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. துணி தேய்த்துப் பிழைக்கும் ஒருவருக்கு அது மருந்துச் செலவுக்கான பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மனு நகராமல் கிடந்தால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பழைய ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்துப் புதிய மனு கொடுக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, இந்த எண்ணுள்ள மனுமீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இப்போது அது எந்த அலுவலரிடம் உள்ளது, நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகலைத் தருக என்ற மூன்று கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ‘ஏன் தரவில்லை?’ என்று சண்டையிடும் கேள்வி வேண்டாம். ஆவணத்தைக் கேட்டால்தான் பதில் வரும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். பல கோப்புகள் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கூலி பாக்கி, வீட்டில் வன்முறை, நிலத் தகராறு போன்றவற்றுக்கு நாமே சட்டம் பேச வேண்டியதில்லை. பெண்களும், குழந்தைகளும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம்; 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தொடர்புகொள்ளலாம். கடையிலோ பட்டறையிலோ சிறுவனை வேலைக்கு வைத்திருப்பதைக் கண்டால் 1098க்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் செய்யும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மனு அவருடையது, கையெழுத்தோ கைரேகையோ அவருடையதாக, முகவரியும் அவருடையதாகவே இருக்கட்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அவர் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் அவர் நிற்கட்டும், பேச்சையும் அவரே தொடங்கட்டும். நாற்காலி காட்டாமல் ஒருமையில் பேசுகிறார்களென்றால் அப்போது நீங்கள் பேசலாம். பாட்டியுடன் நான் மூன்றாம் முறை போனபோது, ஒப்புகைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, மனு எண்ணைத் தானே ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.