கொழும்பின் சனசமூக நிலையங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் உள்ளூர் ஓவியர்களின் படைப்புகளைக் காட்சிப்படுத்துவது எப்படி?

கொழும்பில் ஓவியம் பார்ப்பதற்கென்றே மக்கள் செல்லும் இடங்கள் இல்லாமலில்லை. கில்ஃபோட் கிரசன்ட்டில் லயனல் வென்ட் கலை நிலையம் இருக்கிறது, ஹோட்டன் பிளேசில் ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடம் இருக்கிறது, 1993இல் தொடங்கப்பட்ட கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை கிறீன் பாத்தின் நடைபாதைகளை ஒரு நாள் முழுவதும் ஓவியங்களால் நிரப்புகிறது. ஆனால் கரம் விளையாட வரும் இளைஞரும், முன்பள்ளி முடியும்வரை வாசலில் காத்திருக்கும் தாயும், பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்தின் வாங்கில் அமர்ந்திருக்கும் முதியவரும் இவ்விடங்களுக்குச் செல்வது அரிது. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் இலங்கையின் நவீன ஓவியர் ஜோர்ஜ் கீற் 1940 அளவில் தீட்டி முடித்த சுவரோவியங்களை இன்றும் பெரும்பாலும் பார்ப்பவர்கள் வழிபட வந்தவர்களே. வேறொரு தேவைக்காக வந்தவரின் கண்முன் நல்ல ஓவியம் ஒன்றை வைப்பதே சனசமூக நிலையக் கண்காட்சியின் நோக்கம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் இந்த நோக்கத்தை முன்னிட்டே அமைய வேண்டும்.

முதலில் ஓவியரைத் தேடாதீர்கள், கட்டடத்தைப் பாருங்கள். ஒரு வாரத்தில் வெவ்வேறு நாள்களிலும் வெவ்வேறு நேரங்களிலும் அங்கு சென்று, யார் எப்போது வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்தச் சுவரின் முன்னால் அதிக நேரம் காத்திருக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முன்பள்ளியும், பிற்பகலில் தையல் வகுப்பும், மாலையில் பூப்பந்தும் நடைபெறும் மண்டபத்தில், மூன்று தரப்பினருக்கும் இடையூறு இல்லாத சுவர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அந்தச் சுவரை அறிந்தவர் நிலையத்தின் தலைவரல்லர், காலையில் கதவைத் திறந்து இரவில் பூட்டும் காவலாளிதான். எந்த யன்னலால் மழைச் சாரல் அடிக்கும், எந்த மின்குமிழ் அடிக்கடி எரிந்துபோகும், எந்த மூலையில் கதிரைகளை அடுக்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவரை முதல்நாளிலேயே சேர்த்துக்கொள்ளாத கண்காட்சி நிலைத்து நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். மாநகர சபைக்குச் சொந்தமான நிலையம், பொது நூலகம் போன்றவற்றுக்கு மாநகர ஆணையாளருக்கும், பிரதேச செயலகக் கட்டடத்துக்குப் பிரதேச செயலாளருக்கும், சங்கங்களின் மண்டபங்களுக்கு அவற்றின் செயலாளருக்கும் கடிதம் எழுதுங்கள். எந்தச் சுவர், எத்தனை படங்கள், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, சுவரில் துளையிடப்படுமா, மின்சாரம் தேவையா, படங்கள் விற்கப்படுமா, முடிவில் சுவரைச் சீர்செய்வது யார் என்பன கடிதத்தில் தெளிவாக இருந்தால் பதில் விரைவாக வரும். விற்பனையைப் பற்றிக் கடிதத்தில் எழுதாமல் விட்டுப் பின்னர் விலைப்பட்டியலைத் தொங்கவிட்டால், வணிக நடவடிக்கை என்று கருதி முழுக் கண்காட்சியையும் நிறுத்திவிட இடமுண்டு. பழைமை காரணமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின் சுவரில் ஆணி அடிக்கும் பேச்சையே எடுக்காமல், தனியாக நிற்கும் பலகைத் தடுப்புகளைப் பயன்படுத்துங்கள்.

காலத்தைத் தெரிவுசெய்வதில் வானிலைக்கே முதலிடம். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையும் பெய்யும். சனவரியும் பெப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்டவை. தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கி ஒரு மாதம் வைத்திருப்பது, காகிதத்தில் தீட்டப்பட்ட படங்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நல்லது. மூன்று நாள் கண்காட்சி, அதைப் பார்க்கவென்று வருபவருக்கு மட்டுமே போதும். தற்செயலாகப் பார்ப்பவர் அதே படத்தை நான்காம் முறை கடக்கும்போதுதான் நின்று நோக்குவார். தேர்தல் நெருங்கும் மாதங்களைத் தவிருங்கள், ஏனெனில் இத்தகைய மண்டபங்கள் வாக்களிப்பு நிலையங்களாக மாறக்கூடும்.

ஓவியர்களை அழைக்கும் அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதை இணையத்தில் மட்டும் இடாமல் தொடர்மாடிகளின் அறிவித்தல் பலகைகளிலும், பாடசாலைகளிலும், கோவில்களிலும், சட்டகம் போடும் கடைகளிலும் ஒட்டுங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளாத ஓவியர்கள் பலர் இருக்கிறார்கள். கடைப் பெயர்ப்பலகைகளைக் கையால் எழுதியவர், கோபுரச் சிற்பங்களுக்கு வர்ணம் தீட்டுபவர், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், வீட்டில் பற்றிக் துணி ஓவியம் செய்யும் பெண் ஆகியோர் அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு ‘இது எங்களுக்கல்ல’ என்று விலகிவிடாதபடி, யார் யார் படங்களைத் தரலாம் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். தெரிவுக் குழுவில் ஓர் ஓவியரும், நிலையத்தை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லோரையும் திருப்திப்படுத்த நாற்பது படங்களைச் சுவரில் நெருக்குவதைவிட, பன்னிரண்டு படங்களை மூச்சுவிடும் இடைவெளியுடன் வைப்பது ஓவியர்களுக்கும் மரியாதை. எஞ்சியவர்களுக்கு அடுத்த மாதத்தை ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு ஓவியருடனும் ஒரு பக்க ஒப்பந்தம் இரண்டு பிரதிகளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். படத்தின் பெயர், ஊடகம், உயரம், அகலம், பெறுமதி, பொறுப்பேற்கும் நாளில் அதிலிருந்த கீறல்கள், சட்டகத்தின் நிலை ஆகியவற்றைப் பதிந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புகைப்படம் எடுத்து இணைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் காப்புறுதி வெளியார் பொருள்களுக்கும் பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, பொருந்தாவிட்டால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் மேலும் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே படத்தைச் சுவரில் மாட்டக் கிடைத்த அனுமதி, அதைப் பதாகையிலோ நாட்காட்டியிலோ அச்சிடக் கிடைத்த அனுமதியாகாது. அதற்குத் தனியாகச் சம்மதம் பெற வேண்டும். சட்டகத்துக்கும் முச்சக்கரவண்டிக்குமான செலவையாவது ஓவியருக்குக் கொடுக்க வழிதேடுங்கள். மண்டபத்துக்கு ஒலிபெருக்கி பிடிப்பவருக்கும் சிற்றுண்டி தருபவருக்கும் பணம் கொடுத்துவிட்டு, ஓவியரிடம் மட்டும் இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமன்று.

படங்களைத் தொங்கவிடும் வேலையே மிகுந்த பொறுமையைக் கேட்பது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைய வேண்டும். சிறுவர்களே அதிகம் வரும் அறையாயின் 20 சென்ரிமீற்றர் வரை குறைக்கலாம். 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடு 150இல் இருந்தால் மேல்விளிம்பு 180இல் வரும். பின்புறக் கம்பியை விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அது மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதென்று அளவிடுங்கள். அது 8 சென்ரிமீற்றராக இருந்தால் கொளுக்கி வரவேண்டிய உயரம் 172. இந்தக் கணக்கைப் படத்துக்குப் படம் பென்சிலால் ஒரு தாளில் எழுதி முடித்த பின்னரே துளையிடத் தொடங்குங்கள். சீமெந்துச் சுவரில் வெறும் ஆணி நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால் துளைக்குள் பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி இடுவதே பாதுகாப்பானது. அகலமான படங்களுக்கு ஒரே மட்டத்தில் இரண்டு கொளுக்கிகள் வேண்டும்.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உப்புக்காற்றினால் இரும்புக் கம்பி விரைவில் கறள் பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத உருக்கையோ பித்தளையையோ பயன்படுத்துங்கள். ஈரலிப்பு இந்நகரில் ஆண்டு முழுவதும் அதிகம். சட்டகத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறமாகச் சிறு தக்கைத் துண்டு அல்லது இறப்பர்த் துண்டு ஒட்டினால், படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடி, பூஞ்சணம் பிடிப்பது பெருமளவு குறையும். வாரந்தோறும் ஒரு படத்தையாவது கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தென்பட்டால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பந்து விளையாடும் மண்டபத்தில் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போடுவது கட்டாயம்.

நீர்வர்ணமும் புகைப்படமும் வெளிச்சத்தால் மங்கக்கூடியவை. அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வர்ணத்துக்கு 200 லக்ஸ் வரை என்று வைத்துக்கொள்கிறார்கள். பகலில் கதவைத் திறந்துவைத்திருக்கும் மண்டபத்தில் 50 லக்ஸைப் பேணுவது கடினம். எனவே யன்னலுக்கு நேரெதிரான சுவரில் எண்ணெய் வர்ணத்தையும் அக்ரிலிக்கையும், வெயில் படாத உட்பக்கச் சுவரில் நீர்வர்ணத்தையும் வைத்து, நீர்வர்ணப் படங்களை ஒரு மாதத்துக்குமேல் வைக்காமல் மாற்றுங்கள். விளக்குகள் எல்ஈடி வகையாக இருப்பது நல்லது.

பெயர் அட்டைகள் மும்மொழிகளிலும், சமமான எழுத்தளவில், இரண்டடி தொலைவிலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஓவியர் தம் பெயரை ஒவ்வொரு மொழியிலும் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத, அவரிடமே அச்சுப்படியைக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். ‘எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியிலிருந்து பார்த்த துறைமுகம்’ என்பது போல ஓவியரின் சொல்லில் ஒரு வரி சேர்த்தால், அதே துறைமுகத்தை நாள்தோறும் பார்க்கும் அயலவர் படத்தருகே நின்றுவிடுவார். கலைக் கோட்பாடு பேசும் நீண்ட பத்திகள் இங்கு வேண்டாம்.

தொடக்க விழாவைச் சுருக்கமாக நடத்துங்கள். விளக்கேற்றி, ஓவியர்களை மேடைக்கு அழைத்து, அவர்களைப் பேசவிட்டால் போதும். அதைவிடப் பயன்தருவது, சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஓவியர் முறைவைத்து மண்டபத்தில் இருந்து, கேட்பவருக்குத் தூரிகையையும் வர்ணத்தையும் காட்டுவதாகும். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் காவலாளிக்கு இரண்டு வரியாவது சொல்லிக்கொடுங்கள். மற்ற நாள்களில் கேள்விகள் அவரிடமே வரும். விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டி, பற்றுச்சீட்டுக் கொடுத்து, கண்காட்சி முடிந்த பின்னரே கையளியுங்கள். இடையில் கொடுத்தால் சுவரில் வெற்றிடம் விழும்.

கழற்றும் நாளில் ஒப்பந்தத்தில் இணைத்த புகைப்படங்களுடன் ஒவ்வொரு படத்தையும் ஓவியரின் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பம் பெறுங்கள். அடுத்த கண்காட்சிக்குத் திகதி குறிக்கப்பட்டிருந்தால் திருகாணிகளை அப்படியே விடலாமா என்று நிலையத்தாரிடம் கேளுங்கள். இல்லையேல் துளைகளைச் சுவர்ப் பட்டிப் பசையால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அதே நிறப் பூச்சைப் பூசுங்கள். பூச்சுப் பேணியில் உள்ள நிற இலக்கத்தை முன்னரே காவலாளியிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால் அந்த வேலை அரை நாளில் முடிந்துவிடும்.