ராணுவக் கட்டுமானத்தில் தலைமைப் பொறியாளர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க ராணுவத் தளங்களில் கட்டடப் பணிகளுக்குத் தலைமைப் பொறியாளராக வருகிறவர்கள் பெரும்பாலும் தனியார் வேலையில் நன்றாகத் தேறியவர்கள். பீம் கணக்கோ, ஏசி டன் கணக்கோ அவர்களுக்குத் தப்புவது அரிது. ஆனாலும் வந்த முதல் இரண்டு வருடத்துக்குள் எங்கேயோ ஒரு இடத்தில் வசமாக மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தச் சிக்கல்களில் பொறியியல் கொஞ்சம்தான். யாருடைய வார்த்தை செல்லும், இது எந்தப் பணம், கடைசியில் இந்தக் கட்டடம் யார் தலையில் விழப்போகிறது என்ற மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கும்.

வாய் தவறி வந்த ‘சரி’

இதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. சைட்டைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறீர்கள். கட்டடத்தைப் பயன்படுத்தப்போகும் படைப்பிரிவின் அதிகாரி கூடவே வருகிறார். பாதி எழும்பிய தடுப்புச் சுவர் ஒன்றைக் காட்டி, “இதை இரண்டடி அந்தப் பக்கம் தள்ளினால் எங்கள் ரேக்குகள் நன்றாக உட்காருமே” என்கிறார். நியாயமான யோசனை. நீங்களும், “சரி, செஞ்சிடலாம்” என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் நாலடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் சுவர் நகர்ந்திருக்கும். சுவரோடு ஏசி காற்று போகும் டக்ட் நகரும், தீயணைக்கும் ஸ்பிரிங்ளர் தலை நகரும், மின்சாரப் பெட்டி நகரும். மூன்று வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பில்லும், கூடவே கால நீட்டிப்புக் கோரிக்கையும் வரும்.

ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் எழுத்துபூர்வமாக நியமிக்கப்பட்ட ஒப்பந்த அதிகாரிக்கு மட்டும்தான் உண்டு. தலைமைப் பொறியாளருக்குக் கிடையாது. தளத்தின் தளபதிக்கே கிடையாது. ஆனால் அரசுத் தரப்பில் நிற்கும் ஒருவர் சொன்னதை நம்பி வேலையைச் செய்தேன் என்று காண்ட்ராக்டர் வாதாடலாம். அந்த வாதம் சில நேரம் ஜெயிக்கவும் செய்யும். ஜெயிக்கிறதோ இல்லையோ, அடுத்த ஆறு மாதம் உங்கள் மாலைப் பொழுதெல்லாம் அந்தக் கோப்போடுதான் கழியும்.

ஆகவே, “நல்ல யோசனை. எழுத்தில் வரட்டும், அதுவரை வரைபடத்தில் இருக்கிறபடிதான்” என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். அன்று மாலையே அதை இரண்டு வரி மின்னஞ்சலாக ஒப்பந்த அதிகாரிக்கும் அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் கறாராகத் தெரியும், பரவாயில்லை.

இதே பொறி காகிதத்திலும் உண்டு. காண்ட்ராக்டர் ஆர்.எஃப்.ஐ. (விளக்கம் கேட்கும் கடிதம்) என்று ஒரு கேள்வி அனுப்புவார். வரைபடத்தில் இருப்பதை விளக்குவதற்குத்தான் அதற்குப் பதில். ‘அப்படியே இங்கேயும் ஒரு வால்வு போட்டுவிடுங்கள்’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் அது புதுவேலை, அதற்குத் தனிக் காசு. சப்மிட்டல், அதாவது போடப்போகும் பொருளின் விவரத்தைக் காண்ட்ராக்டர் ஒப்புதலுக்கு அனுப்பும் விஷயத்தில் கதை தலைகீழ். ஒப்பந்தத்தின் தர விவரமான ஸ்பெக்கிலிருந்து விலகும் பொருளைக் காண்ட்ராக்டர் முன்கூட்டியே ‘இது விலகல்’ என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நூறு பக்க கேட்டலாக்கின் நடுவில் அதை ஒளித்துவைத்து, நீங்கள் முத்திரை குத்திவிட்டீர்கள் என்பதால் மட்டும் அவருடைய பொறுப்பு போய்விடாது. ஆனால் பொருள் சுவருக்குள் போன பிறகு அந்தச் சண்டையைப் போட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

பணத்துக்கும் நிறம் உண்டு

தனியார் திட்டத்தில் பணம் பணம்தான். இங்கே ஒவ்வொரு டாலருக்கும் ஒரு வேலை எழுதப்பட்டிருக்கும். ராணுவக் கட்டுமான ஒதுக்கீடு பொதுவாக 5 வருடம் செல்லும். அன்றாடப் பராமரிப்புக்கான ஒதுக்கீடு 1 வருடத்தில் முடிந்துவிடும். இதற்கு அதை, அதற்கு இதை எடுத்துப் போட முடியாது. பழைய கட்டடத்தின் கூரையை மாற்றுவது பழுதுபார்ப்பு. அதே கட்டடத்தில் ஓர் அறையைக் கூட்டுவது புதுக் கட்டுமானம். இரண்டையும் ஒரே வேலையாகச் சேர்த்து ‘பழுதுபார்ப்பு’ என்று பெயர் வைத்தாலும் தப்பு. சின்னக் கட்டுமானத்துக்கான உச்சவரம்பைத் தாண்டாமல் இருக்க ஒரே கட்டடத்தை இரண்டு திட்டமாக உடைத்தாலும் தப்பு. ஒதுக்காத பணத்தைச் செலவழிப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஒருவர் தெரிந்தே, வேண்டுமென்றே மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் 2 வருடம் வரை சிறையும் உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் பிரிவு ஆட்கள் ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்று புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய திட்டம் ஒவ்வொன்றும் டிடி 1391 என்ற படிவத்தில்தான் பிறக்கிறது. கட்டடம் எதற்கு, எத்தனை சதுர அடி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நாடாளுமன்றம் பணம் கொடுப்பது அதை நம்பித்தான். ஆனால் திட்டத்துக்குப் புதிதாக வரும் தலைமைப் பொறியாளர் வரைபடத்தைத்தான் முதலில் விரிப்பார். படிவத்தை யாராவது கேட்டால்தான் தேடுவார். ஒதுக்கிய தொகைக்கு மேல் 25 சதவீதத்தைச் செலவு தாண்டினால் நாடாளுமன்றத்துக்கே தெரிவிக்க வேண்டும். பரப்பளவை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. ‘ஒரு ஸ்டோர் ரூம்தானே’ என்று சேர்த்த இடம் கடைசியில் படிவத்தோடு ஒத்துப்போகாமல் இழுக்கும். முதல் நாள் அந்தப் படிவத்தைப் படியுங்கள். வரைபடம் ஓடிப்போகாது.

அந்த 5 அடிக் கோடு

எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. பிடித்த என்றால், எத்தனை முறை பார்த்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதே என்ற வியப்பில்.

செலவுக் கணக்கிலும் வரைபடத்திலும் கட்டடத்தைச் சுற்றி 5 அடி தள்ளி ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு உண்டு. உள்ளே இருப்பது முதன்மைக் கட்டடம். வெளியே இருக்கும் சாலை, குடிநீர், சாக்கடை, மின்கேபிள் எல்லாம் துணை வசதிகள். பிளம்பிங் பொறியாளர் உள்ளேயிருந்து கோடு வரை குழாயை வரைவார். சிவில் பொறியாளர் மேன்ஹோலிலிருந்து கோடு வரை வரைவார். இரண்டு பேரும் தத்தம் தாளில் ‘தொடர்ச்சிக்கு அந்தத் தாளைப் பார்க்கவும்’ என்று எழுதிவிடுவார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் பார்த்த ஒரு வேலையில் கட்டடத்திலிருந்து வந்த கழிவுநீர்க் குழாய், அது போய்ச் சேர வேண்டிய குழாயைவிட 7 அங்குலம் தாழ்வாக இருந்தது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. அது தெரிந்தபோது தரைத்தளக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. இத்தனைக்கும் இரண்டு தாளிலும் மட்டம் தெளிவாக எழுதியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தலைமைப் பொறியாளர் என்றால் இந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் என்று அர்த்தம். கோட்டைக் கடக்கும் ஒவ்வொன்றுக்கும் விட்டம், மட்டம், பொருள், யார் இணைப்பது என்று ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். அரை நாள் வேலை. தொலைத்தொடர்பு கேபிள் போகும் டக்டையும் அதில் சேருங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

குப்பைத்தொட்டியும் குண்டுவெடிப்பும்

1996 ஜூன் 25 அன்று சவூதி அரேபியாவில் கோபர் டவர்ஸ் குடியிருப்பின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட லாரி வெடித்து 19 அமெரிக்க விமானப்படையினர் இறந்தார்கள். காயமடைந்தவர்களில் ஏராளமானோரைக் கிழித்தது சிதறிய கண்ணாடி. இன்றைய பயங்கரவாத எதிர்ப்பு விதிகள் அடங்கிய, ராணுவக் கட்டட விதித்தொகுப்பான யூ.எஃப்.சி.யின் 4-010-01 ஆவணத்துக்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது.

டிசைன் கட்டத்தில் இந்த விதிகளை எல்லோரும் பின்பற்றிவிடுவார்கள். கெடுவது பிற்பாடு, சில்லறை மாற்றங்களில். ‘டெம்பர்ட் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது) இன்னும் பலமானதுதானே, அதைப் போடலாமே’ என்று காண்ட்ராக்டர் கேட்பார். பலம்தான். ஆனால் உடைந்தால் துண்டு துண்டாக உள்ளே பாயும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேண்டியது அதுதான். அப்புறம் குப்பைத்தொட்டி. பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று கடைசி மாதத்தில் யாரோ அதை நகர்த்துவார்கள். கட்டடத்தைச் சுற்றி 33 அடிக்கு 6 அங்குல உயரப் பொருளைக்கூட மறைத்துவைக்க இடம் இருக்கக் கூடாது என்பது விதி. அடர்ந்த புதர்ச்செடியும் ஏசி யூனிட்டைச் சுற்றிய மறைப்புச் சுவரும் இந்தக் கணக்கில்தான் வரும். வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் தரையிலிருந்து 10 அடிக்குக் கீழே இறங்கினாலும் விதிமீறல்தான். இதெல்லாம் அழகுக்காகவோ வசதிக்காகவோ செய்யும் மாற்றங்கள் என்பதால் யாரும் பொறியாளரிடம் கேட்பதில்லை. நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ரகசிய வேலை நடக்கும் அறைகளில் இன்னும் கறார். அந்த அறையின் சுற்றுச் சுவரைக் கடக்கும் டக்ட் 96 சதுர அங்குலத்தைத் தாண்டினால் உள்ளே ஆள் நுழையாதபடி கம்பி வைக்க வேண்டும். அங்கீகாரம் தரும் அதிகாரியைக் கட்டி முடித்த பிறகு கூப்பிட்டால் சுவரைத் திரும்பப் பிரிக்கத் தயாராக இருங்கள்.

டிசைன் பரிசீலனை பற்றி ஒன்றே ஒன்று. வரைபடத்தைப் பார்த்து நீங்கள் எழுதி, டிசைனரிடமிருந்து ‘ஏற்கிறோம்’ என்று பதில் வந்த கருத்துக்கும், வரைபடத்தில் உண்மையாகவே திருத்திய கருத்துக்கும் தூரம் அதிகம். அடுத்த கட்ட வரைபடம் வந்ததும் அந்தத் தாளைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கருத்தை மூடுங்கள்.

சாவி கொடுத்த பிறகு

தளத்தின் பராமரிப்புப் பிரிவை 95 சதவீத டிசைனில் கூப்பிட்டால் அவர்கள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் டியூப்களை உருவி வெளியே எடுக்க முன்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்த மெக்கானிக்கிடம் 35 சதவீதத்திலேயே கேளுங்கள். கன்ட்ரோல் சிஸ்டமும் அப்படியே. கட்டட ஏசியைக் கட்டுப்படுத்தும் கணினியைத் தளத்தின் நெட்வொர்க்கில் இணைக்கத் தனியாகச் சைபர் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். அதைக் கடைசிக்கு விட்டதால், கட்டடம் முடிந்து மாதக்கணக்கில் ஒரு லேப்டாப்பைச் சுமந்துகொண்டு அறை அறையாகப் போய் வெப்பநிலையை மாற்றிய இடத்தை எனக்குத் தெரியும்.

டிடி 1354 என்ற ஒப்படைப்புப் படிவம் இன்னொன்று. கட்டடம் சொத்துப் பதிவேட்டில் ஏறுவது அதன் மூலம்தான். பராமரிப்புப் பணம் கணக்கிடப்படுவது அந்தப் பதிவேட்டை வைத்து. பதிவில் இல்லாத ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றப் பணம் வராது. டிசைன் முடியும்போதே இதன் வரைவைத் தயார் செய்துவிட்டால் கடைசியில் இன்வாய்ஸ்களைத் தோண்ட வேண்டியதில்லை.

வாரண்டி வழக்கமாக 1 வருடம், இறுதி ஏற்பு நாளிலிருந்து. ஆனால் கட்டடத்தின் ஒரு பகுதியை அரசு அதற்கு முன்பே எடுத்துக்கொண்டால், அந்தப் பகுதிக்கு எடுத்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். படைப்பிரிவு அவசரப்படுகிறதே என்று ஒரு பக்கத்தை மட்டும் அக்டோபரில் கொடுத்துவிடுவார்கள். குளிரில் ஏசியை முழுப் பளுவில் சோதிக்க முடியாது. கோடையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவார்கள். கோடையில் ஆள் மாறியிருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. செப்டம்பர் கடைசியில் ஒரு வெயில் நாளில் ஏசி படுத்துவிடும். வாரண்டியில் அப்போது பத்து நாள்தான் பாக்கி இருக்கும். பகுதி ஒப்படைப்புக் கடிதத்திலேயே கோடைச் சோதனைக்கு ஒரு தேதியையும் அதற்குப் பொறுப்பான பதவியையும் எழுதிவையுங்கள். ஆள் பெயரை எழுத வேண்டாம், அவர் அதற்குள் வேறு தளத்துக்குப் போயிருப்பார். வாரண்டி தொடங்கிய 9-ஆம் மாதம் ஒரு சுற்று நடந்து, பழுதுகளை எழுத்தில் காண்ட்ராக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.