பிரெஞ்சு சாண்ட்விச்: ரொட்டியை எங்கே நனைக்கலாம், எங்கே நனைக்கக் கூடாது

பிரெஞ்சு சாண்ட்விச் செய்ய உட்காரும்போது முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இந்த ரொட்டி காய்ந்து இருக்க வேண்டுமா, ஊறி இருக்க வேண்டுமா? ஹாமும் வெண்ணெயும் வைக்கும் ஜாம்போன்-பேர் என்ற சாண்ட்விச்சில் ஈரம் ரொட்டிக்குள் இறங்கவே கூடாது. பான் பன்யா என்ற சாண்ட்விச்சில் இறங்கியே ஆக வேண்டும். குரோக் மொசியூ என்ற சூடான சாண்ட்விச்சில் மேல்பக்கம் சாஸில் நனைந்திருக்கும், அடிப்பக்கம் மொறுமொறு என்று இருக்கும். இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்தான்.

ஜாம்போன்-பேர்: மூன்றே பொருள், ஒளிய இடமில்லை

பெயரின் பொருளே ஹாம்-வெண்ணெய். இரண்டு பேருக்கு ஒரு பாகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி, சுமார் 250 கிராம்), 50 முதல் 60 கிராம் வெண்ணெய், 160 கிராம் ஹாம். பாரிஸ் ஹாம் என்று கேட்டு வாங்குங்கள். எலும்பு நீக்கிய பன்றித் தொடையை உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்தது அது. புகை வாசம் இருக்காது. பன்றி வேண்டாதவர்களுக்கு வான்கோழி ஹாம் பிரான்ஸிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

ரொட்டி அன்றைக்குச் சுட்டதாக இருக்க வேண்டும். பிரான்ஸில் 'டிரடிசியோன்' என்ற பெயரில் பாகெத் விற்க வேண்டுமென்றால், 1993-இல் வந்த அரசாணைப்படி மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு என்ற அடிப்படையில்தான் செய்ய வேண்டும். எந்தக் கட்டத்திலும் மாவை உறையவைக்கக் கூடாது. கெடாமல் வைத்திருக்கும் சேர்மானம் எதுவும் இல்லாததால் காலையில் வாங்கியது இரவுக்குள் ரப்பராகிவிடும். பாரிஸில் ஆண்டுதோறும் இந்த பாகெத்துக்கு ஒரு போட்டி நடக்கிறது. வெல்லும் கடைதான் அடுத்த ஓர் ஆண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும். 2023-இல் அந்தப் பரிசு இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது.

பாகெத் சற்றுப் பழையதாகிவிட்டால், கையில் தண்ணீர் தொட்டு மேல்தோலில் தடவி, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவன் அடுப்பில் (oven) 4 அல்லது 5 நிமிடம் வையுங்கள். ஒரு முறைதான் இது பலிக்கும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் இழுபடும்.

இனி வெண்ணெய். தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தடவினால் கட்டி கட்டியாக நின்று ரொட்டியின் உள்சதையைக் கிழிக்கும். உருகிப்போனதைத் தடவினால் ரொட்டி உறிஞ்சிக்கொண்டு எண்ணெய்ப் பிசுக்காகும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே பளபளப்பு வரக் கூடாது. அந்தப் பதம் குளிர்நாட்டு அடுப்படியில் அரை மணி நேரத்தில் வரும், சென்னை வெயிலில் பத்தே நிமிடத்தில் வந்துவிடும்.

பாகெத்தைப் பாதியாக நறுக்கி, பல் வைத்த கத்தியால் பக்கவாட்டில் கீறுங்கள். பின்பக்கம் ஒட்டியே இருக்கட்டும். உள்ளே இரண்டு முகத்திலும் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். ஹாமின் ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் சுவர் அதுதான், அதனால் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹாமைத் தட்டையாக அடுக்காமல் மடித்து மடித்து வையுங்கள். இடையில் காற்று நின்றால் கடிக்க மெத்தென்றிருக்கும். வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரி வைப்பதென்றால் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். கட்டுவதற்குக் காகிதம்தான். பிளாஸ்டிக்கில் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும்.

பான் பன்யா: ஊறவிட்டுச் சாப்பிடுவது

தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரத்து வழக்குமொழியில் 'நனைத்த ரொட்டி' என்று பொருள். காய்ந்துபோன ரொட்டியை நனைத்துப் பயன்படுத்திய ஏழை வீட்டுச் சாப்பாடு இது. அதனால் நேற்றைய ரொட்டி இங்கே குறையே இல்லை.

ஒருவருக்கு: கையகல வட்ட ரொட்டி ஒன்று, பழுத்த தக்காளி ஒன்று, கெட்டியாக அவித்த முட்டை ஒன்று (கொதிநீரில் 9 நிமிடம்), எண்ணெயில் ஊறிய டூனா 50 கிராம் அல்லது உப்பில் ஊறிய நெத்திலி நான்கு துண்டு, சிறு முள்ளங்கி மூன்று, பச்சைக் குடைமிளகாய் கால் பங்கு, வெங்காயத்தாள் ஒன்று, சிறு கறுப்பு ஆலிவ் எட்டு, துளசியின் உறவான பேசில் இலை ஐந்தாறு, பூண்டு ஒரு பல், ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. நெத்திலி என்றதும் கருவாட்டை எடுத்துவிடாதீர்கள். உப்பில் பதமான மீன் வாயில் கரையும், கருவாடு கரையாது.

தக்காளியை வட்டமாக அரிந்து, உப்பு தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். தட்டில் இறங்கும் சாற்றைக் கொட்டாதீர்கள். ரொட்டியைக் குறுக்கே வெட்டி, உள்முகத்தில் பூண்டைத் தேய்த்து, அந்தத் தக்காளிச் சாற்றையும் எண்ணெயில் இரண்டு கரண்டியையும் இரண்டு பக்கமும் ஊற்றுங்கள். அடியில் தக்காளி, மேலே காய்கள், மீன், முட்டை, ஆலிவ், இலை; கடைசியாக மீதி எண்ணெய், மிளகு. வினிகர் சில துளி விடுவோரும் உண்டு. மயோனைஸ், உருளைக்கிழங்கு, வேகவைத்த காய் எதுவும் வேண்டாம். நீஸ்காரர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். பச்சைக் காயின் கறுக்முறுக்கும் ஊறிய ரொட்டியும் சேர்வதில்தான் ருசி இருக்கிறது, மயோனைஸ் அதை மூடிவிடும்.

மூடி, துணியில் இறுக்கிச் சுற்றி, மேலே கனமான தோசைக்கல்லை ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். வெயில் நாளில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன் வெளியே எடுங்கள். உள்ளே மீனும் முட்டையும் இருக்கின்றன. வெட்டியதும் ரொட்டியில் எண்ணெயும் சாறும் மஞ்சளும் சிவப்புமாக விளிம்பிலிருந்து அரை விரல் ஏறியிருந்தால் பதம் சரி. நடுவில் வெள்ளையாகக் காய்ந்த பட்டை தெரிந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது நேரம் போதவில்லை.

குரோக் மொசியூ

பாரிஸின் கஃபேக்களில் நூறாண்டுக்கு மேலாக ஓடும் சூடான சாண்ட்விச். குரோக் என்பது கறுக்கென்று கடிப்பதைக் குறிக்கும் சொல். ஆகவே இது சொதசொதவென்று வந்தால் பெயரே பொய்யாகிவிடும்.

இரண்டுக்கு அளவு: ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள சாண்ட்விச் ரொட்டி 4 துண்டு, ஹாம் 4 துண்டு, துருவிய குரூயேர், கோம்தே அல்லது எமெந்தால் சீஸ் 120 கிராம், கடுகு பேஸ்ட் ஒரு தேக்கரண்டி. பெஷமேல் சாஸுக்கு வெண்ணெய் 25 கிராம், மைதா 25 கிராம், குளிர்ந்த பால் 250 மி.லி., ஜாதிக்காய், மிளகு. ரொட்டியில் தடவத் தனியாக 20 கிராம் வெண்ணெய்.

சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது வழவழப்பாக உருகாது. மேற்சொன்ன சீஸ்கள் கிடைக்காத ஊரில் செடாரையும் மொஸரெல்லாவையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். செடார் மட்டும் போட்டால் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

1. சிறு தீயில் 25 கிராம் வெண்ணெயை உருக்கி மைதாவைக் கொட்டிக் கிளறுங்கள். ஈரமணல்போல நுரைக்கும். பச்சை மாவு வாசம் போய் லேசாக பிஸ்கட் வாசம் வரும்வரை, இரண்டு நிமிடம். நிறம் மாறக் கூடாது.

2. குளிர்ந்த பாலை மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணையில் மாவு பந்தாகத் திரளும். பயப்பட வேண்டாம், கம்பி விஸ்க்கால் வழவழப்பாக்கிய பிறகு அடுத்த தவணை. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டு நிதானமாகக் கலக்கினால்தான் கட்டி தட்டும். தட்டிவிட்டால் வடிகட்டியில் தேய்த்து எடுத்துவிடலாம்.

3. கொதி வந்ததும் ஐந்து நிமிடம் கிளறியபடியே வேகவிடுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். இறக்கி, மிளகும் ஜாதிக்காயும் துருவிப் போடுங்கள். ஹாமும் சீஸும் உப்பு என்பதால் சிட்டிகை உப்பு போதும். பத்து நிமிடம் ஆறட்டும். சூட்டோடு தடவினால் ரொட்டியிலிருந்து வழிந்து தட்டில் கருகும்.

4. அவன் அடுப்பை 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நான்கு துண்டிலும் ஒரு பக்கம் வெண்ணெய் தடவி, மூன்று நான்கு நிமிடம் வாட்டி எடுங்கள். பலரும் இதைத் தாண்டிவிடுகிறார்கள், அடி ஊறிப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

5. இரண்டு துண்டை வெண்ணெய்ப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள். மேலே கடுகு பேஸ்ட், ஒரு கரண்டி பெஷமேல், இரண்டு துண்டு ஹாம், 30 கிராம் சீஸ். அடுத்த துண்டால் மூடி, அதன் மேல் ஓரம் வரை பெஷமேல், மீண்டும் 30 கிராம் சீஸ். ஓரத்தை விட்டால் அங்கே ரொட்டி கருகும்.

6. பத்து நிமிடம் சுட்டு, பிறகு மேல் கிரில்லை மட்டும் போட்டு இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் அடுப்பின் முன்னாலேயே நில்லுங்கள். முதலில் ஓரத்தில் குமிழி வரும், பிறகு நடுவில். பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் எடுத்துவிடுங்கள். வெட்டும் முன் மூன்று நிமிடம் பொறுத்தால் சாஸ் ஓடாது.

அவன் அடுப்பு இல்லாதவர்கள் பெஷமேலை விட்டுவிட்டு, ஹாமும் சீஸும் வைத்து மூடி, வெண்ணெய் போட்ட தவாவில் சிறுதீயில் இருபக்கமும் வாட்டலாம். இதுவும் முறையான குரோக்தான். மேலே மஞ்சள்கரு வேகாத பொரித்த முட்டை வைத்தால் குரோக் மதாம். சைவத்துக்கு, தண்ணீர் சுண்டும்வரை வதக்கிய காளான் 150 கிராம் ஹாமின் இடத்தை நன்றாகவே நிரப்பும்.

மரபுக்கு வெளியே: பிரெஞ்சு டாக்கோஸ்

கெபாப் கடைகளில் பாகெத்துக்குள் கொத்திறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்கும் திணித்து 'அமெரிக்கேன்' என்று விற்பது பழைய வழக்கம். 2000-களில் லியோன், கிரெனோபிள் பக்கத்தில் அந்தத் திணிப்பு சப்பாத்தி போன்ற மெல்லிய கோதுமை டார்ட்டியாவுக்குள் போய், மடிந்து, கிரில்லில் அழுந்திப் புதிய உணவானது. மெக்சிகோ டாக்கோவைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இளைஞர்கள் தாங்களாகவே பிரபலமாக்கிய நல்ல சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு 30 செ.மீ. டார்ட்டியா, மசாலா தடவி வறுத்த கோழி அல்லது கொத்திறைச்சி 120 கிராம், பொரித்த உருளைக்கிழங்கு 100 கிராம். சாஸுக்கு 100 மி.லி. கிரீமைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்து, 60 கிராம் துருவிய சீஸைப் போட்டுக் கலக்குங்கள். சீஸ் போட்டபின் கொதித்தால் திரிந்துவிடும்.

டார்ட்டியாவைத் தவாவில் 15 விநாடி வாட்டி இளக்குங்கள்; குளிர்ந்தது மடிக்கும்போது கிழியும். நடுவில் இறைச்சி, மேலே உருளைக்கிழங்கு, அதன்மேல் மூன்று கரண்டி சாஸ், அதற்கு மேல் வேண்டாம். இடமும் வலமும் மடித்து, கீழ் விளிம்பைத் தூக்கி மூடி, மேல் விளிம்பைக் கொண்டுவந்து செவ்வகப் பொட்டலமாக்குங்கள். மடிப்பு கீழே இருக்கும்படி மேலும் கீழும் அழுத்திச் சுடும் சூடான பானினி கிரில்லில் வைத்து நான்கு நிமிடம் அழுத்துங்கள். மடிப்பு மேலே இருந்தால் ஒட்டுவதற்குள் பிரிந்து சாஸ் ஒழுகும். உருளைக்கிழங்கைப் பொரித்ததும் காகிதத்தில் பரப்பி ஆவி போக விட்டுவிட்டு உள்ளே வையுங்கள்; ஆவியோடு வைத்தால் சாஸில் மசிந்து கூழாகிவிடும்.